மைனஸ் எழுபது

வாளையாறு செக்போஸ்ட் தாண்டியதும்
பேருந்து ஜன்னல்கள் தாமாகவே படபடக்கும்.
மலை விட்ட அந்த இடைவெளியில்
லாரிகள் வரிசையில் நிற்கும், காற்று நிற்காது.
அது வந்து மோதுகிற சுவருக்கு இந்தப் பக்கம்
எங்கள் ஆய்வகம்.
ஜன்னல்களுக்கெல்லாம் ஆணியடித்துவிட்டு
காசு கொடுத்துக் காற்றைக் குளிரவைத்து
புகைக்கூண்டு வழியே
ராப்பகலாக வெளியே துப்பிக்கொண்டிருக்கும்.

மார்ச் மாத மின்கட்டண ரசீதைப்
பெரிதாக அச்சடித்துக் கதவில் ஒட்டினார்
டெக்னீஷியன் ரெஜிமோன்.
அடியில் ஒரு வார்த்தை இல்லை.
கோஷம் இல்லாத சுவரொட்டியைக்
கேரளத்தில் அன்றுதான் பார்த்தேன்.

முதலில் கூண்டின் கண்ணாடி.
ஆள் இல்லாதபோது கீழே இறக்கிவிடு,
அவ்வளவுதான்.
அதற்கு மூன்று வாரம் சண்டை.

பிறகு தண்ணீர்.
கண்ணாடிக் குழலைக் குளிர்வித்தபடி
இரவெல்லாம் ஓடி
எதையும் தொடாமல், எதிலும் கலக்காமல்
பேசின் துளையில் இறங்கும்.
துப்புரவுக்கு வரும் மைமூன்
ஒருநாள் யாரையும் கேட்காமல்
குழாய் முனையை மஞ்சள் பக்கெட்டில் விட்டார்.
நிறைந்ததும் எங்கள் பக்கம் திரும்பி,
"ஒம்போது நிமிஷம்."
அவர் தெருவுக்கு லாரி வருவது
வாரத்தில் இரண்டு நாள்.
பெருக்கிப் பார்க்க
கால்குலேட்டர் தேவைப்படவில்லை எங்களுக்கு.
மறுநாள் மீன்தொட்டி மோட்டார் ஒன்றை வாங்கி
அதே தண்ணீரையே சுற்றிவரச் செய்தோம்.
விலை முந்நூற்றைம்பது ரூபாய்.
பில்லுக்குப் பணம் வர ஐந்து மாதம்.

கடைசியில் ஃப்ரீசர்கள்.
இரண்டு. மைனஸ் எண்பது.
உறைபனியைச் சுரண்டச் சுரண்ட
கையெழுத்துகள் வந்தன.
"மண், மழைக்கு முன்."
"மண், மழைக்குப் பின்."
"ஷெர்லி, கல்யாணத்துக்கு அப்புறம் பார்க்க."
வெறும் கேள்விக்குறியோடு ஒரு குப்பி.
"ஜி.கே. 2008. எறியாதே."

பழைய பதிவேட்டில் நம்பர் கிடைத்தது.
ஷார்ஜாவில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார்.
"இன்னுமா ஓடுது அது?"
"ஓடுது சார்."
"எறிஞ்சிடுங்க" என்று வைத்துவிட்டார்.
கையுறைக்குள் விரல் மரத்துக்கொண்டிருந்தபோது
மறுபடி அழைத்தார்.
"மூடி என்ன கலர்?"
"நாப்பது வெள்ளை. ஒண்ணு மட்டும் பச்சை."
அந்தப் பக்கம் பேச்சில்லை.
யாரோ டைல் அறுக்கும் சத்தம்.
"பச்சைன்னா சரியா வந்தது.
அதை மட்டும்..."
முடிக்கவில்லை அவர்.

நாற்பதையும் அவித்து அப்புறப்படுத்தினோம்.
இரண்டில் இருந்தது ஒன்றில் அடங்கிற்று.
எழுபது போதும் என்ற தாளில்
வத்ஸலா மேடம்
பென்சிலால் கையெழுத்திட்டார்.
கெட்டுப்போனால் அழித்துவிடலாமே.

அன்றிரவு போனைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன்.
அலாரம் அடிக்கவில்லை.
விடுதிக் கதவைக் காற்றுதான்
விடியும்வரை தட்டிக்கொண்டிருந்தது.

ஒருமுறை நனைந்து குப்பைக்குப் போகும்
பிளாஸ்டிக் முனைகள் மட்டும்
இன்னும் கூடை கூடையாகச் சேருகின்றன.
கழுவிப் பார்த்தோம், முடிவுகள் பிசகின.
அதற்கு வழி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில்
ஷார்ஜாவிலிருந்து ஒரே சொல்லில் செய்தி வரும்:
"இருக்கா?"
போய்த் திறந்து பார்ப்பதில்லை.
திறந்தால் குளிர் போய்விடும்.
பட்டியலைப் பார்த்துவிட்டுப் பதில் போடுவேன்:
இரண்டாம் தட்டு, இடது ஓரம்,
இருக்கு.