பின்பக்க லேபிளுக்கு

நாற்பது சொல்லுக்குத்தான் இடம் என்கிறீர்கள், லொவால்லோ.
அதற்குள் ஒயினின் குணம்,
எதனோடு உண்ண, எந்தக் குளிரில் ஊற்ற.
உங்கள் அச்சகத்தில் காகிதத்தைவிடச் சொல் விலை அதிகம் போலும்.

அல்யானிகோ.
வுல்த்துரேயின் கறுப்பு மண்ணில் விளைந்தது.
மலை என்போம், மரியாதைக்கு;
அணைந்த எரிமலை அது,
வாய்நிறைய இரண்டு ஏரித் தண்ணீரை அடக்கிக்கொண்டு
யாருக்கும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

கீழே புலியாச் சமவெளிக்காரர்கள்
செப்டம்பரிலேயே பறித்துக் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள்.
எங்கள் குலைகள் நவம்பர் வரை கொடியை விடுவதில்லை.
கஷ்கொட்டை உதிர்ந்து ஓய்ந்தபின்
கத்தரிக்கோலின் இரும்பு விரலைக் கடிக்கும் காலையில்
பறிப்போம். பனி முந்திக்கொண்ட ஆண்டுகளில்
பறிக்க ஒன்றும் இருக்காது.
(இதை லேபிளில் போடவேண்டாம்.)

குணம் என்றால், துவர்ப்பு.
இளசில் திறப்பவருக்குக் கடுக்காய் கொடுத்துவிடும்.
என் கல்யாணத்தில் கொடுத்தது.
பரீலே குகையிலிருந்து, இரண்டு வயதுகூட நிரம்பாத பீப்பாயைக்
கானியோ திறந்தான்; எல்லாமே அவசரம் அவனுக்கு.
மேயர் ஒரு மிடறு குடித்தார்,
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள
வாழ்த்துரையை மூன்றே வாக்கியத்தில் முடித்தார்.
என் அக்கா இன்கொரொனாத்தா
பச்சை அக்ரூட் தோட்டைக் கடித்தவள்போல
கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் நிற்கிறாள்.

அந்தப் பீப்பாயில் அறுபது புட்டிகள் மிஞ்சின.
பதினோரு வருடம் கழித்துப் பொதென்சா நீதிமன்றத்தில்
கையெழுத்துப் போட்டுப் பிரிந்தோம்.
டிராக்டர் அவனுக்கு, புட்டிகள் எனக்கு.
அன்றிரவு ஒன்றைத் திறந்தேன், கோபத்தில்,
முந்தின நாளின் ஆறிப்போன ஆட்டுக்கறியோடு.

எங்கே போயிற்று அந்தத் துவர்ப்பு?
போகவில்லை. எலும்பாய் உள்ளே இருந்தது;
மேலே கறுத்த பிளம், புகையிலை,
மழைக்குப் பின் எரிமலைக்கல் விடும் வாடை.
எங்களால் முடியாததை அது
இருட்டில், படுத்தபடி, செய்து முடித்திருந்தது.
அழவில்லை. இன்னொரு துண்டு கறி எடுத்துக்கொண்டேன்.

எதனோடு?
மண்பானையில் வாய்மூடி வெந்த ஆட்டுக்கறி;
கொழுப்பை எடுத்துவிடாதீர்கள்,
துவர்ப்பு கைகோர்க்க அதைத்தான் தேடும்.
செனீசே மிளகாய், வெயிலில் சருகானது:
எண்ணெயில் ஒரு கண்ணிமைப்பு,
இரண்டாவது இமைப்பில் கசந்துவிடும்.
கயிற்றில் தொங்கித் தொங்கி இறுகிய காச்சோகவாலோ.
மீனோடு வேண்டாம், வாயில் பழைய சாவி ருசிக்கும்.
ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு
உப்பிட்டு உலர்த்திய காட் மீனை
அதே மிளகாயோடு வைத்து எல்லோரும் குடிக்கிறோம்,
நானும்தான். விதிக்கு அன்று விடுமுறை.

குளிர்? குகையின் குளிர் போதும்.
ஃப்ரிட்ஜில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எண்ணிப் பார்த்தேன்,
நாற்பதைத் தாண்டி எங்கோ போய்விட்டது.
வெட்டுங்கள். முதலில் கானியோவை வெட்டுங்கள்.
ஆட்டுக்கறி இருக்கட்டும்.
‘உடனே திறக்காதீர்’ என்பது பெரிய எழுத்தில்.
போன தடவை ஜெரார்தாவில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டீர்கள்;
அரைகுறைப் பெயரோடு ஆயிரத்து இருநூறு புட்டி
மிலானோவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.