நாற்பத்தொன்றாம் சீவல்

கப்பலில் மஞ்சள் வராத வருஷம்.
புறக்கோட்டையில் கிலோ ஐயாயிரம் என்றார்கள்.
எங்களுக்கோ ஒரு சிட்டிகை போதும்,
அதுவும் கறிக்கல்ல.

கின்சி வீதி ஆய்வுகூடம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி.
வெளியே ஓர் அம்புலன்ஸ்
பொரளைப் பக்கம் கத்திக்கொண்டு போகிறது.
நீல ஒளியைப் போட்டேன்.
மூளைச் சீவலில் குர்க்குமின்
ஒட்டவேண்டிய இடம் தெரிந்து ஒட்டியிருந்தது.
காலிமுகத் திடலில் கருக்கலுக்கு
வடைக்காரர் ஒருவர் பின் ஒருவராய்
விளக்கேற்றினாற்போல்
படிவு, படிவு, படிவு.

எவ்வளவு வடிவு என்றாள் சுரங்கி, சிங்களத்தில்.
சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாற்பத்தொன்றுக்குப் பெயர் இல்லை.
கோட்டைத் தொலைபேசி நிலையத்தில்
இருபத்தாறு வருஷம் இணைப்புக் கொடுத்தவர்
என்று மட்டும் கோப்பில் இருக்கிறது.
அதன் கீழே, பேனா மாறி, மகனின் கையெழுத்து:
"கடைசி மாதம், நான் யார் அம்மா என்று கேட்டேன்.
லைனில் இருங்கோ என்றா."

படம் எடுக்கச் சுணங்கினால் மங்கிவிடும்.
காட்டுகிற ஒளிதான் அழிக்கிறதும்.
வெள்ளைச் சேட்டில் சொதி பட்டால்
சவுக்காரம் போடாதே, சிவந்துபோகும்,
வெயிலில் விரி, தானாய்ப் போகும் என்று
பக்கத்து வீட்டு ரிஸ்மியா சொல்வதும்
இதைத்தான் போல.

அவசரமாய் எண்ணினேன்.
நூற்றுப் பன்னிரண்டா, பதின்மூன்றா?
விட்டுப்போயிற்று.
சுரங்கி சிரிக்கவில்லை.
முதலிலிருந்து தொடங்கினேன்,
கொஞ்சம் மங்கியிருந்தது.