மாவுக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு

விடியக்காலை நாலரைக்கு
யூஸ்ரஸ் ஓட்டோவில பாண் ஏத்துவார்.
குருநகர் ஒழுங்கையெல்லாம் அந்தப் பாட்டுப்பெட்டிச் சத்தமும்
சூட்டு மணமும்.
எங்கட வீட்டு வாடகை அந்த மணம்.
மெறினாவின்ர ரியூசன் காசும் அதுதான்.

அந்த மணத்துக்குள்ள நிண்டுதான்
ஒருநாள் தட்டை எறிஞ்சன்.
சம்பலுக்கு உப்புக் காணாதெண்டு சொன்னவர்.
அவ்வளவுதான்.
தேங்காய்ப்பூ மூண்டு நாள் சுவரில காஞ்சு கிடந்துது.
ஒருத்தரும் துடைக்கேல்லை.

அழுகை வரும், காரணம் வராது.
மீன் சந்தையில மிச்சக்காசு எண்ணேக்க
தலைக்குள்ள கடற்பாசி அடைச்சமாதிரி
இருபதும் ஐம்பதும் ஒண்டாத் தெரியும்.
பிள்ளை கொப்பியைத் திறந்தால் அந்தரம்,
மூடினாலும் அந்தரம்.

எல்லாரிட்டையும் என்னைப் பற்றி ஒரு விளக்கம் இருந்துது.
மாமி, கண்ணூறு எண்டா.
எதிர்வீட்டு ஜெசிந்தா,
சுகமில்லாமல் வாறது நிக்கப்போகுதாக்கும் எண்டா.
பெரியாஸ்பத்திரியில கவுன்சிலிங் செய்யிற பிள்ளை
மெல்லமாக் கேட்டா:
"தொண்ணூற்றைஞ்சில உங்களுக்கு எத்தினை வயசு?"
எட்டு எண்டன்.
தலையை ஆட்டி எழுதிக்கொண்டா.
எங்கட ஊரில எந்தத் துக்கத்துக்கும் ஒரு ஆண்டு இருக்கு.
அதைச் சொல்லிப்போட்டால்
பிறகு ஒருத்தரும் வயித்தைத் தட்டிப் பாக்கிறேல்லை.

வயிறோ, சாப்பிட்ட கையோட மத்தளம்.
ஆறு மாசம் இரும்புக் குளிசை, ரத்தம் ஏறேல்லை.
அதைப் பாத்துத்தான் புதுசா வந்த டொக்டர் பிள்ளை
ரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினா,
பிறகு வாயால ஒரு குழாய் விட்டா,
பிறகு ஒரு துண்டில எழுதித் தந்தா:
கோதுமை கூடாது. பார்லி கூடாது. தூசளவும் கூடாது.
"குடல் கெட்டால் மனசும் கெடும் அக்கா.
நீங்கள் கூடாத ஆள் இல்லை."

நான் சிரிச்சுப்போட்டன்.
பாண்காரன்ர மனிசிக்கு
இதைவிடப் பெரிய பகிடி உண்டோ.
வீட்டை வந்து யோசிச்சன்.
தென்மராட்சியில பள்ளிக்கூட வாங்கிலுக்குக் கீழ படுத்த நாள்
நிவாரண மாவில அம்மா சுட்ட ரொட்டி,
ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் பச்சை.
இன்னொண்டு கேட்டு அழுதனான்.
உயிரோட வைச்சிருந்ததே அது.
அதைப் போய்க் குற்றக்கூண்டில ஏத்துறதோ?

பிறகு தொடங்கிச்சுது கூத்து.
அரிதட்டு வேற, புட்டுக்குழல் வேற.
கடை இடியப்பத்தில கோதுமை.
எங்கட தோசைக்குள்ளயே கோதுமை.
சோயா சோசுக்குள்ளயும் எண்டு மெறினா போனில வாசிச்சுச் சொன்னாள்.
யூஸ்ரஸ் இப்ப கிணத்தடியில உடுப்பு மாத்தி
மீசை வரைக்கும் கழுவிப்போட்டுத்தான்
எனக்குக் கிட்ட வாறார்,
கலியாணம் கட்டின புதுசில்கூட
அவர் இவ்வளவு குளிச்சதில்லை.

ஞாயிறு நன்மை வாங்க வரிசையில நிண்டன்.
சுவாமி அப்பத்தை உயர்த்தினார்.
அதுவும் கோதுமை.
வாயைத் திறக்கேல்லை.
முழுக் கோயிலும் என்ர முதுகைப் பாத்துது,
என்ன பாவமோ எண்டு.
அடுத்த கிழமை எனக்கு மட்டும் சின்னக் கிண்ணத்தில இரசம்.
புளிச்சுது.
அழுதன். அந்தமுறை ஏனெண்டு தெரியும்.

மூண்டாம் மாசம் சந்தையில
ஐம்பது ஐம்பதாகவே இருந்துது.
மீன்காரனோட ஒரு பத்துக்குச் சண்டை பிடிச்சு வெண்டுபோட்டு
வீதியில தனியச் சிரிச்சன்.

ஆனால் திருவிழா வெடி கேட்டால்
இப்பவும் கட்டிலுக்குக் கீழ இடம் தேடுது உடம்பு.
அந்தப் பங்கு மாவுக்கில்லை.
அதை நான் அதிண்ட தலையில கட்டேல்லை.

நேற்று குரக்கன் புட்டு, சம்பல்.
"உப்புக் காணாதப்பா" எண்டார்,
சொல்லிப்போட்டு என்ர கையைப் பாத்தார்.
நானும் கொஞ்சம் கிள்ளி வாயில போட்டன்.
காணாதுதான்.