வரவேற்புக்கு ஓர் ஆறு

சத்துவாச்சாரி மண்டபத்தில் எங்களுக்குக் கிடைத்த மூலை
எட்டடிக்குப் பத்தடி,
கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில்.
போட்டோ பூத் இங்கேதான் என்றாள் கனிமலர்.
கல்யாணப்பெண் சொன்னால் சொன்னதுதான்.

ஈபிள் கோபுரமா, தேவதை இறக்கையா
என்று ஆல்பம் புரட்டினார் பிளெக்ஸ் கடைக்காரர்.
இவள் கேட்டது பாலாறு.
“தண்ணியோடயா?”
“தண்ணியோடதான் அண்ணே.”
அவர் தேடித் தேடி எடுத்த பாலாறெல்லாம்
மணலும் வேலிக்காத்தானும்.

அதனால் லாங் பஜாரில் நீலத்துணி முப்பது மீட்டர்,
நுரைக்கு வெள்ளை லேஸ்,
மறைவில் ஒரு பெடஸ்டல் ஃபேன்.
அட்டையில் ஆறு மீசை, ஒரு டஜன் கூலிங் கிளாஸ்,
தலையளவு முள்ளுக்கத்திரிக்காய்,
உள்ளே ஒன்றுமில்லாத பிரியாணி தேக்சா.
பொடிசுகளுக்குத் துடுப்பு.
லைஃப் ஜாக்கெட் வாடகை கேட்டோம்,
கட்டுப்படியாகவில்லை.

அழைப்புப் பட்டியலில் ஒரு பெயரில் பேனா நின்றது:
மாப்பிள்ளையின் பெரியப்பா.
ஒரு காலத்தில் பதினோரு மணல் லாரி.
இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை.
இந்த ஆற்றின் முன்னால் நிறுத்தி
அவர் கையில் எதைக் கொடுப்பது?

கத்தரிக்கோலை நிறுத்தாமலே சொன்னாள்:
“மீன்.
பெரிசா, ரெண்டு கையாலயும் பிடிக்கிற மாதிரி.
இல்லன்னா கையைப் பின்னாடி கட்டிக்குவாரு.”

ராத்திரி பதினொன்றரைக்கு
ஃபேனைப் போட்டுப் பார்த்தோம்.
நீலம் புரண்டு எழுந்து
பாதி ஹாலுக்கு வந்துவிட்டது.

விளக்கணைக்க வந்த வாட்ச்மேன்
ஒரு நிமிஷம் பார்த்தார்.
வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு
மெதுவாக
அக்கரைக்குப் போனார்.