பக்கம் நான்கு, கட்டம் ஏழு

இளம் அறிவியலாளருக்கான தலைமைப் பண்பு விருது.
விண்ணப்பம் ஒன்பது பக்கம்.
அதில் ஒரே ஒரு கட்டம் என்னுடையது:
'விண்ணப்பதாரரின் கீழ்ப் பணியாற்றுபவர் நிரப்புக.
இருநூறு சொற்களுக்கு மிகாமல்.'

கீழ் என்றால்,
அவர் அறை மாடியில், ஆய்வகம் தரைத்தளத்தில்.
அந்த வகையில் சரிதான்.

முனைவர் வே. தமயந்தி, வயது முப்பத்திரண்டு.
தர்மபுரிக்கு வந்து மூன்று கோடை ஆகிறது.
நல்லம்பள்ளி தொடங்கிப் பென்னாகரம் வரை
அடிபம்பின் கைப்பிடிச் சத்தத்தை வைத்தே
ஊரைச் சொல்லிவிடுவார்.
எழுதிவிட்டு அடித்தேன்.
சான்று இணைக்கச் சொல்கிறார்கள்,
சத்தத்துக்கு எங்கே போவது?

'குழுவை எவ்வாறு வழிநடத்துகிறார்?'
குழு என்பது நானும் ஓட்டுநர் திம்மராயனும்.
வழியைத் திம்மராயன் பார்த்துக்கொள்வார்.

இனித் தை மாதத்தை எழுத வேண்டும்.
எழுதாவிட்டால் இந்தக் கட்டம் முழுக்கப் பஞ்சு.

ஒன்றைப் பத்தாக்க வேண்டிய திட்டக் கரைசலை
ஒன்றை ஐந்தாக்கி நிறுத்தினேன்.
அன்று தங்கைக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்,
மனம் வீட்டில் இருந்தது.
அது காரணம் இல்லை. நடந்தது அது.
இரண்டு புள்ளி நான்கு இருந்த தண்ணீர்
ஒன்று புள்ளி இரண்டு என்று காட்டியது கருவி.
பாதிப் ஃபுளோரைடை
முத்து முத்தான கையெழுத்தில் பதிவேட்டில் ஏற்றினேன்.
நாற்பத்து மூன்று பம்புகளுக்குப்
பச்சை பெயின்ட் அடித்தோம்.
குடிக்கலாம் என்று அர்த்தம்.

வைகாசியில் ஒரு ராத்திரி
பழைய எண்களோடு வைத்துப் பார்த்திருக்கிறார்.
காலையில் மாடிக்குக் கூப்பிட்டார்.
வேலை போயிற்று என்று சைக்கிள் சாவியைத்
தடவிக்கொண்டே ஏறினேன்.
"மொத்தம் எத்தனை பம்பு, சென்னப்பன்?"
அவ்வளவுதான் கேட்டார்.

அச்சுக்குப் போன கட்டுரையை
ஒரு வரிக் கடிதத்தில் திரும்ப வாங்கினார்.
சொந்தக் காசில் சிவப்பு பெயின்ட், நான்கு டின்.
குடங்களின் வரிசையில் போய் நின்று
ஒவ்வொரு ஊரிலும் அதையே சொன்னார்:
"நான் சொன்னதை நம்பிக் குடிச்சீங்க. நான் சொன்னது தப்பு."

பிரஷோடு பக்கத்தில் நின்றேன்.
ஒருமுறையும் என் பக்கம் திரும்பவில்லை அவர்.
திரும்பியிருந்தால்
ஊருக்குப் புரிந்திருக்கும்.

பதினேழாவது பம்பில் ஒரு பெண்:
"நாலு மாசமா என் கொழந்தைக்கு
இதத்தானே ஊத்துனேன்?"
அதற்கு அவரிடம் பதில் இல்லை.
இல்லாத பதிலைச் சொல்லவும் இல்லை.
வெயில் சாயும்வரை அங்கேயே நின்றிருந்தோம்.
மாற்றுத் தண்ணீருக்கு வண்டி வரப்
பதினோரு நாள் ஆனது. பதினோரு நாளும்
அந்த அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்,
மடியில் என் பதிவேடு.

எனக்கும் பல்லில் காவிக்கறை உண்டு.
இந்த மண்ணின் தண்ணீர்
சிறுவயதிலேயே என்னிடம்
கையெழுத்து வாங்கிவிட்டது.
அதனால் பச்சை என்றால் என்ன என்று
அவரைவிட எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு சொல் அதிகம்.
திட்டக் கரைசல் வரியை எடுத்தால்
கணக்கு சரியாக வரும்.
நடுவர்களுக்கு அது தேவையும் இல்லை.
தவறு செய்த ஆய்வகத்துக்கு
யார் விருது கொடுப்பார்கள்?
இதை அவரிடமே கேட்டேன்.
"கட்டம் உங்களுது" என்று
மின்முனையைக் கழுவப் போய்விட்டார்.

'முன்மாதிரி', 'அர்ப்பணிப்பு',
'சீரிய', 'தலைசிறந்த' எல்லாவற்றையும் வெட்டினேன்.
கரைசல் இருக்கட்டும்.

பெயர்: மு. சென்னப்பன்.
பதவி: ஆய்வக உதவியாளர், தற்காலிகம்.
இணைப்பு: நாற்பத்து மூன்று பம்புகள்.
பச்சையின் மேல் சிவப்பு.
மழைக்கு முன் வந்தால் நன்றாகத் தெரியும்.