வரிசை எண் நாற்பத்தேழு

இருபது கொண்டை ஊசி வளைவிலும்
நான் எண்ணிக்கொண்டு வந்தது
நீதிமன்றம் கொடுத்த நாள்களை.
பாகப்பிரிவினை வழக்கு. நான் ஆணையர்.
ஏற்காட்டு பங்களாவில் இருப்பதை எழுதித் தரவேண்டும்,
இருப்பதை மட்டும்.

நாற்பத்தாறு: தேக்கு அலமாரி, ஒரு கதவு இல்லை.
நாற்பத்தேழு: பென்சில் படம், கண்ணாடி போட்டது.
"என்ன படம்னு போடட்டும் மேடம்?"
குமாஸ்தா செங்கோடன் பேனாவை உதறினார்.

உடைந்த தூண். அதில் சாய்ந்து ஒரு பெண்.
நனைந்த கல்லைப் போல மடிப்பு மடிப்பாய் இறங்கும் துணி.
ஒரு கையில் தராசு.
மறு கை அணைத்த கொம்பிலிருந்து கொட்டும் பழங்கள்.
பக்கத்தில் மணற்கடிகை,
தீவட்டியைத் தலைகீழாய்த் தரையில் தேய்த்து அணைக்கும்
சிறகு முளைத்த குழந்தை,
தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு.

மூத்தவர் இக்னேஷியஸ் தராசின் மேல் விரல் வைத்தார்:
"நீதி. அப்பா எனக்குன்னு சொன்னது."
இளையவர் கிளமெண்ட் கொம்பைக் காட்டினார்:
"செழிப்பு. தோட்டத்தை யார் பார்த்தாங்களோ அவங்களுக்கு."
தட்டுகள் சமமா என்று
ஒரு வழக்கறிஞர் ஸ்கேல் வைத்து அளந்தார்.
எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது.

பாம்பைப் பார்த்துச் செங்கோடன் முணுமுணுத்தார்,
"இது நம்ம கேஸு மேடம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது."

நீதியென்றால் கண் கட்டியிருக்குமே.
இவள் பார்க்கிறாள்,
வரைகிறவன் தோளுக்கு அப்பால்,
வெளிச்சம் போகிறதே என்பதுபோல்.
தராசைப் பிடித்திருப்பதும் நிறுக்கிறவள் பிடியல்ல;
தன் கூடை நிறுக்கப்படுவதை
எட்டி நின்று பார்த்தவளின் பிடி.

ஆணியிலிருந்து இறக்கி
ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன்.
மூக்கு ஏதோ கிரேக்கச் சிலையில் எடுத்தது.
கொம்பில் திராட்சை இல்லை,
கணுவுக்குக் கணு கொத்தாய்க் காபிப் பழம்.
தலையில் சூடியிருப்பது மிளகுக் கொடி.
பாதம் யாரிடமும் இரவல் வாங்கியதல்ல:
சுண்டுவிரல் விலகி, குதிகால் பாளம் பாளமாய்.
கணுக்காலில் ஒரு புள்ளி,
அதிலிருந்து கீழே ஒரு மெல்லிய கோடு.
பூஞ்சைக் கறை என்றுதான் நினைத்தேன்.
வாசலில் காவல்காரர் சடையன்
குனிந்து தன் காலில் உப்பு தேய்த்துக்கொண்டிருந்தார்.
விழுந்தது சுருண்டது.
அதே புள்ளி. அதே கோடு.

இரண்டாம் விரலில் ரப்பர் தேய்த்த தடம்,
காகிதம் அங்கே பஞ்சாய் எழும்பியிருக்கிறது.
சாய்த்த வெளிச்சத்தில் மட்டும்
ஒரு வளையம் தெரிந்து மறைகிறது. மெட்டி.
தத்துவங்களுக்குப் புருஷன் இருக்கக்கூடாதோ என்னவோ.
அவன் கரியை அழித்தான்,
அழுத்தத்தை அழிக்கவில்லை.

தராசென்றால் நீதி, கடிகையென்றால் காலம்,
கவிழ்ந்த தீயென்றால் மரணம்;
கல்லூரி நூலகத்தில் படித்ததுதான்.
அட்டைக்கடி என்றால் அட்டைக்கடி.
அன்று மழை பெய்தது என்று பொருள்.
அவள் காபிக்காட்டிலிருந்து நேராக வந்து நின்றாள்,
கூப்பிட்டார்கள் என்று.
அந்த அரைநாள் கூலி கணக்கில் ஏறியதா,
படத்தில் இல்லை.

"மேடம், நீதியா செழிப்பா?"
இரு தரப்பும் என் பேடைப் பார்த்தார்கள்.

எழுதினேன்:
பென்சில் படம் ஒன்று. பெண், நின்ற நிலை.
இடது கணுக்காலில் ரத்தம்.

இருவரும் ஆட்சேபணையுடன் கையெழுத்துப் போட்டார்கள்.
வெளியே பனி ஏறி
சில்வர் ஓக் மரங்களைப் பாதியில் வெட்டியிருந்தது.

நாற்பத்தெட்டு: குடைத்தாங்கி, பித்தளை.
குடை இல்லை.