காரணம் என்ற கட்டம்

வேலூர் மாநகராட்சி, பிறப்பு இறப்புப் பிரிவு,
மூன்றாவது மேசை.
பதினோரு ஆண்டாய் என் கண்ணில் படுவது:
இறப்புப் படிவத்தில் ‘காரணம்’ என்றொரு கட்டம் உண்டு.
பிறப்புப் படிவத்தில் கிடையாது.

யாரும் கேட்டதில்லை.
பிள்ளை வந்தால் வந்ததுதான்.
எடை, தேதி, ஆணா பெண்ணா,
போதும்.

எதிர்மேசை தேவசகாயம் விடமாட்டார்.
தொடங்கியது எதுவானாலும்
தொடக்கியவன் ஒருவன் உண்டு என்று
டீ ஆறுவதற்குள் நிரூபித்துவிடுவார்.
அண்டத்துக்கும் அதே விதியாம்.

பதிந்துவிடலாம் சார் என்பேன்.
காலதாமதப் பதிவு.
ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி ஆண்டு தாமதம்,
கோட்டாட்சியர் ஆணை வேண்டும்.
பிறந்த இடம்? இடமே அன்றுதான் பிறந்தது.
நேரம்? அதற்கு முன்னால் ஏது கடிகாரம்?
தகவல் தந்தவர் கையொப்பம்?
அவர் சிரிப்பார்.
“தகப்பன் பேர் மட்டும் எனக்குத் தெரியும்.”

கோட்டை உண்டு ராஜா இல்லை,
ஆறு உண்டு தண்ணீர் இல்லை என்று
எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள்.
இருக்கவேண்டியது இல்லாமலே
இருந்து பழகிய ஊர்.
காரணமில்லாத ஓர் அண்டம்
எனக்கு அப்படியொன்றும் விசித்திரமாய்ப் படவில்லை,
போன செவ்வாய்க்கிழமை வரை.

சேண்பாக்கத்து அம்சவேணி.
புருஷனுக்கு முப்பத்தாறு வயது.
லோடு ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டுப் படுத்தவன்,
எழவில்லை.
பாலித்தீன் பைக்குள் நான்காய் மடித்த தாளில்
டாக்டர் எழுதியிருந்தார்: தெரியவில்லை.
அதையே நானும் கட்டத்தில் எழுதினேன்.

எட்டிப் பார்த்தாள்.
“தெரிலன்னா
காரணம் கீது, நமக்குத்தான் தெரிலன்னு அர்த்தமா?
இல்ல, ஒண்ணுமே இல்லியா?”

தேவசகாயம் பேனாவை மூடினார்.
அவருடைய விதி வாய் திறக்கவில்லை.
என் கிண்டலும்தான்.
எத்தனை பேருக்கு இந்த ஒரே சொல்லை
எந்த அர்த்தத்தில் எழுதினேன்?

சர்டிபிகேட்டில் காரணம் வராதும்மா, என்றேன்.
பதிவேட்டில் இருக்கும்.
கைக்கு வருகிற தாளில் அச்சாகாது.

“அப்ப இன்னாத்துக்குக் கேக்கறீங்க?”

சாயங்காலம் காட்பாடி பஸ்
பாலாற்றுப் பாலத்தில் நின்றது, முன்னால் ஏதோ லாரி.
கீழே மணலில் ஒருவர் இடுப்பளவு பள்ளத்தில் நின்று
இன்னும் தோண்டிக்கொண்டிருந்தார்.
குனிந்து எதையோ அள்ளினார்.
கையில் மின்னியது தண்ணீரா, ஈர மணலா,
எழுந்து ஜன்னலோரம் போவதற்குள்
பஸ் நகர்ந்துவிட்டது.